ஏழாம் மலையில் ஒரு எரிகல்

கோவைக்கு மேற்கே ஏழு மலை ஏறிச் சிவனைக் கும்பிடும் வெள்ளியங்கிரிக்கு நேர்ந்துகொண்டவர்கள் பெரும்பாலும் சித்ரா பௌர்ணமிக்குத்தான் ஏறுகிறார்கள். அன்றைய கூட்டத்தில் வழுக்குப்பாறை தாண்டும்வரை முன்னால் போகிறவரின் குதிகாலைத் தவிர எதுவும் கண்ணில் படாது. நிலா வெளிச்சத்தில் பாதி நட்சத்திரமும் மறைந்துவிடும். வானத்தையும் சேர்த்துத் தரிசிக்க வேண்டுமென்றால் மே 5, 6 தேதிகளை ஒட்டி ஏறுங்கள். அது அமாவாசைப் பக்கமாக அமைந்துவிட்டால் பாக்கியம்தான். ஹாலி வால்நட்சத்திரம் விட்டுப்போன தூசிக்குள் பூமி நுழைகிற நாட்கள் அவை. இரவு 2 மணிவாக்கில் கிழக்கே கும்ப ராசி எழும்பிய பிறகு எரிகற்கள் தெரியத் தொடங்கும். 3 மணியிலிருந்து 4.30 வரை நல்ல நேரம்.

அடிவாரத்துப் பூண்டியில் இரவு 8 மணிக்குக் கிளம்பினால் நிதானமாக நடப்பவர்களுக்கும் இது கூடிவரும். வழியில் ஆண்டி சுனையில் முழுகியதும் தலையை நன்றாகத் துவட்டிக்கொள்ளுங்கள். ஈரத்தலையோடு மேலே போய் உட்கார்ந்தால் அந்தக் காற்றுக்குக் கால் மணி நேரத்தில் பல் கிட்டித்துவிடும்.

பெரிய தொல்லை டார்ச்தான். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். யாராவது நெற்றி விளக்கை முகத்துக்கு நேரே திருப்பினால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. எத்தனை சொன்னாலும் கேட்பதில்லை! உட்கார்ந்த பிறகு நம் டார்ச்சிலாவது சிவப்புத் துணியை இரண்டு மடிப்பாகச் சுற்றிவிடலாம். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், அடிவாரச் சோதனையிலேயே எடுத்துவிடுவார்கள். நடந்துகொண்டே அண்ணாந்து பார்க்கவும் கூடாது. படிகள் ஒரே உயரத்தில் இல்லை, கால் பிசகிவிடும். மூங்கில் தடியை ஊன்றி நின்ற பிறகு பாருங்கள்.

உச்சியில் சுயம்பு லிங்கத்தைக் கும்பிட்டு வெளியே வந்ததும், சந்நிதிப் பக்கம் கால் நீட்டாமல் பாறையில் சாய்ந்துகொள்ளுங்கள். கிழக்கே கோவையின் விளக்கொளி அடிவானத்தை வெளுக்க வைத்திருக்கும். அதனால் தெற்கும் உச்சியும்தான் நமக்கு. மூடுபனி ஏறிவிட்டால் ஒன்றும் தெரியாது.

சின்னச் சின்னதாகப் பல விழும். வெள்ளிக் கிரகத்தைவிடப் பிரகாசமாக ஒன்று விழுவது அபூர்வம். சத்தமே இருக்காது. பாறை சட்டென்று வெளுக்கும், ஊன்றிய தடியின் நிழல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வேகமாக நகர்ந்து மறையும். வினாடிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் வந்த சிறு துணுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் எரிந்ததுதான் அத்தனையும். போன தடம் வெண்கோடாகச் சில வினாடி நின்று, மேல்காற்றில் வளைந்து கலையும், நெற்றியில் இட்ட திருநீறு வியர்வையில் கரைவதுபோல. வரிசையில் இருந்தவர்கள் வாயிலிருந்து ஒரே குரலாக ‘நமசிவாய’ எழும்.

கெட்ட சகுனம் என்று அப்போதும் முணுமுணுப்பவர்கள் உண்டு. அவன் வாசலில் என்ன சகுனம்? மொபைலைத் தேடாதீர்கள், எடுப்பதற்குள் முடிந்துவிடும். ஐந்தாம் மலையில் முழங்கால் கெஞ்சியதெல்லாம் எங்கே போனதென்றே தெரியாது. கேட்டு வாங்கக்கூடிய தரிசனமா இது? ஆண்டவரே, கண்ணில் காட்டினீரே!