மேக்னத்திலிருந்து 6.5-க்கு: பின்னுதைப்பு சொல்லிக்கொடுத்த கணக்கு

தொலைதூர ரைஃபிள் பயிற்சிக்கு நான் எடுத்துப்போனது .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற தோட்டா போடும் ரைஃபிள். 1000 மீட்டர் போக வேண்டுமென்றால் பெரிய தோட்டாதானே வேண்டும்? தோள் வலியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற தைரியம் வேறு.

மூன்றாம் நாள், பயிற்சியாளர் எனக்குத் தெரியாமல் ஒரு போலித் தோட்டாவைக் கலந்துவிட்டார். விசையை அழுத்தினேன், வெடிக்கவில்லை. ஆனாலும் குழல் முனை வெடுக்கென்று கீழே குத்தியது. உதை வருவதற்கு முன்பே உடம்பு பதறியிருக்கிறது. எல்லோர் முன்னாலும் மானம் போனது.

அன்றிரவு பள்ளியில் படித்த உந்த அழிவின்மை விதியைத் தூசி தட்டி எடுத்தேன். குண்டின் நிறையை வேகத்தால் பெருக்கி, வெடிமருந்து வாயுவின் பங்கையும் கூட்ட வேண்டும். வாயுவை விட்டுவிடாதீர்கள், மேக்னத்தில் மொத்த உந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அதுதான். கிடைத்த உந்தத்தின் வர்க்கத்தைத் துப்பாக்கி நிறையின் இரு மடங்கால் வகுத்தால் உதையின் ஆற்றல் வரும். 5 கிலோ துப்பாக்கிக்கு என் தோராயக் கணக்கு: 140 கிரெயின் (ஒரு கிராமுக்குச் சுமார் 15 கிரெயின்) குண்டுள்ள 6.5 கிரீட்மோர் என்ற சிறிய தோட்டாவுக்கு 11 ஜூல், 175 கிரெயின் குண்டுள்ள .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு 15, 190 கிரெயின் மேக்னத்துக்கு 27.

கிரீட்மோர் 2007-இல் வந்தது. அதன் நீண்டு மெலிந்த குண்டு 1000 மீட்டரில் .308-ஐ விடக் காற்றுக்குக் குறைவாகவே விலகும். உதையும் குறைவு, அப்புறம் என்ன யோசனை? மாறிவிட்டேன்.

உண்மையான லாபம் தோளுக்கு இல்லை, கண்ணுக்கு. குண்டு எங்கே விழுந்தது என்று நீங்களே ஸ்கோப்பில், அதாவது துப்பாக்கி மேலுள்ள தொலைநோக்கியில், பார்த்தால்தான் அடுத்ததைத் திருத்த முடியும். 1000 மீட்டருக்குக் குண்டு போய்ச்சேர ஒன்றரை வினாடிக்கு மேல் ஆகும், அதற்குள் உதையில் விலகிய ஸ்கோப்பை இலக்குக்குத் திருப்பிவிடலாம். 400 மீட்டரில் அரை வினாடிதான். கிட்டத்து இலக்கில்தான் மேக்னம் என்னைக் குருடாக்கியது!

உதையைக் குறைக்கத் துப்பாக்கியின் எடையைக் கூட்டலாம், குழல் முனையில் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் மஸில் பிரேக் மாட்டலாம். ஆனால் பிரேக் பக்கத்தில் படுத்திருப்பவரின் காதைப் பதம் பார்க்கும். போட்டி விதியையும் முதலில் படியுங்கள்: எஃப்-டிஆர் என்ற தொலைதூரப் போட்டிப் பிரிவில் .223, .308 தோட்டாக்கள் இரண்டுக்கு மட்டுமே அனுமதி, எடை 8.25 கிலோவுக்குள், பிரேக் கூடாது. 1500 மீட்டரைத் தாண்டத்தான் போகிறீர்கள் என்றால், சரி, மேக்னம் எடுங்கள்.

இறுதித் தேர்வில் 600 மீட்டரில் என் முதல் குண்டு இலக்குக்கு இடப்பக்கம் மண்ணைக் கிளப்பியது. பார்த்தேன், ஸ்கோப்புக்குள் தெரியும் அளவுக்கோட்டிலேயே விலகலை அளந்தேன், அந்த அளவு வலப்பக்கம் பிடித்தேன். இரண்டாவது குண்டு இலக்குத் தகட்டில் 'டிங்' என்றது.