கோபானில் இன்று மழையா?

காலையில் எழுந்ததும் போனில் நான் முதலில் பார்ப்பது கோபான் நகரத்து வானிலையை. கோபான் இருப்பது குவாத்தமாலாவில், ஆல்டா வெராபாஸ் என்கிற மலை மாகாணத்தில். இங்கே விடிகாலை ஐந்தரை என்றால் அங்கே முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணி. போடிநாயக்கனூரில் பிறந்து கொச்சியைத் தாண்டி எங்கும் போகாத எனக்கு அந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. ஆனால் கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், பூப்பாறைக்கு மேலே இருக்கும் எங்கள் இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் இந்த வருடம் கடனை அடைக்குமா, கூட்டுமா என்பதில் கோபான் மழைக்கும் பங்கு உண்டு.

தோட்டத்தை அப்பா பார்த்துக்கொள்கிறார். நான் போடியில் ஒரு ஏலக்காய் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். அதாவது மாதச் சம்பளம் வாங்கும் இடத்தில் விலை இறங்கினால் முதலாளிக்குச் சந்தோஷம், வீட்டுக்கு வந்தால் விலை ஏற வேண்டும். இரண்டு பக்கமும் கேட்டுக் கேட்டு எனக்குக் கொஞ்சம் நியாயம் பேச வந்துவிட்டது.

1980-களுக்கு முன்னால் உலகத்துக்கே ஏலக்காய் கொடுத்தது நாம்தான். குவாத்தமாலாவுக்கு அந்தச் செடி போனது 1914 வாக்கில், ஓஸ்கர் மாயுஸ் க்ளோஃபர் என்ற ஜெர்மன் தோட்டக்காரர் மூலமாக. கோபான் பக்கத்து மலைகளில் நட்டார்கள். அங்கே வருடத்தில் பெரும்பகுதி நாள் தூறிக்கொண்டே இருக்குமாம். 'சிப்பி சிப்பி' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சாரலுக்கு அண்ணன் போலிருக்கிறது. செடிக்கு அது பிடித்துப்போனது. 80-களில் ஏற்றுமதியில் நம்மைத் தாண்டிப் போனவர்கள்தான், இன்றைக்கும் முதலிடம் அவர்களுக்கே.

வேடிக்கை என்னவென்றால் அங்கே ஏலக்காயை யாரும் பெரிதாகச் சாப்பிடுவதில்லை. டீயில் போடுவதில்லை, பாயசம் கிடையாது. விளைவது ஏறக்குறைய முழுவதும் கப்பல் ஏறுகிறது. அதில் பெரும்பகுதி கஹ்வா என்கிற அரபு நாட்டுக் காப்பிக்கு. கொச்சியிலிருந்து ஜித்தாவுக்கு அரபிக்கடலைத் தாண்டிச் செங்கடலுக்குள் போனால் போதும். அவர்கள் சரக்கு அட்லாண்டிக்கைத் தாண்டி வர வேண்டும். அப்படி வந்தும் நம் சரக்கைவிட மலிவாக இறங்குகிறது.

எப்படி? கூலி ஒரு காரணம். அங்கே கெக்சி மாயா குடும்பங்கள் சின்னச் சின்னத் துண்டு நிலத்தில் தாங்களே நட்டு, தாங்களே பறிக்கிறார்கள். பச்சைக் காயை அப்படியே இடைத்தரகரிடம் கொடுத்துவிடுகிறார்கள். அந்தத் தரகருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கொயோட்டே, அதாவது ஓநாய் மாதிரி ஒரு மிருகம். இத்தனை வருடமாக நம் ஊரில் இப்படி ஒரு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு வருத்தம்.

இங்கே விடியும் முன்பே போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் மலை ஏறுகிறார்கள். ஒரு செடியில் எல்லாக் காயும் ஒரே நாளில் பழுக்காது. ஒன்றரை மாதத்துக்கு ஒரு எடுப்பு என்று ஒரே செடிக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். குனிந்து, சரத்தைத் தூக்கிப் பார்த்து, முற்றிய காயை மட்டும் கிள்ள வேண்டும். பச்சைக் காய் ஐந்து கிலோ கொண்டுபோனால் ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கூடத்தில், காய்ந்து வருவது ஒரு கிலோ. ஜீப் வாடகை, கூலி, உரம், மருந்து, விறகு எல்லாவற்றையும் அந்த ஒரு கிலோதான் தாங்க வேண்டும்.

ஆனால் கூலியை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. நம்மிடம் ஞள்ளாணி இருக்கிறது. கட்டப்பனைப் பக்கம் ஒரு விவசாயியே தேர்ந்தெடுத்த ரகம், பழைய ரகங்களைவிடப் பல மடங்கு காய்க்கும். காயும் பெருசு, எட்டு மில்லி சல்லடையில் நிற்கும். நிறத்திலும் வாசனையிலும் நம் காய்தான் மேல் என்று வாங்குகிறவர்களே சொல்வார்கள். அப்படியானால் எங்கே இடிக்கிறது?

மருந்தில்.

ஞள்ளாணி நிறையக் காய்க்கிறது, நிறையக் கேட்கவும் செய்கிறது. இலைப்பேன் என்கிற பூச்சி விழுந்தால் காயில் சொறி வரும், சொறிக் காய்க்கு விலை பாதிதான். அந்தப் பயத்தில் அப்பா இருபது நாளுக்கு ஒரு முறை அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் அதைவிட அடிக்கடி. 2018 வாக்கில் மருந்து மிச்சம் அதிகமாக இருக்கிறது என்று சவூதி கறாராக இருக்க ஆரம்பித்தது. அதற்கு அப்புறம் எங்கள் கிடங்கிலிருந்து வளைகுடாவுக்குப் போக வேண்டிய ஒரு லாட் சோதனையில் தேறாமல் நின்றது. அதில் எங்கள் தோட்டத்துக் காயும் கலந்திருந்தது. ரிப்போர்ட்டை ஃபைலில் போட்டவன் நான்தான். வீட்டில் சொல்லவில்லை.

அந்த லாட் என்ன ஆனது என்கிறீர்களா? ஒன்றும் ஆகவில்லை. வடக்கே விற்றாகிவிட்டது. ஸ்வீட் கடை, பான் மசாலா, வீட்டுச் சமையல் என்று உள்நாடு எல்லாவற்றையும் விழுங்கிவிடும். நாம் விளைவிப்பதில் பாதிகூட வெளிநாடு போவதில்லை. வெளிக்காய் உள்ளே வராமல் இருக்க 70 சதவீத இறக்குமதி வரியும் இருக்கிறது. சொந்த ஊர்ச் சந்தை இவ்வளவு பெரிதாக இருப்பது பாக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் சவூதிக்காரர் வேண்டாம் என்று ஒதுக்கியதை நாமே பாலில் போட்டுக் குடிக்கிறோம். அந்தச் சந்தை இருக்கும் தைரியத்தில்தான் அப்பா மருந்துக் கேனை இறக்கி வைக்கவில்லை.

அடுத்த கதை என் முட்டாள்தனம். 2018 ஆகஸ்ட் வெள்ளம், 2019 கோடையில் மழை இல்லை. எங்கள் தட்டையெல்லாம், அதாவது ஏலச்செடித் தண்டெல்லாம், கருகிவிட்டது. காய் எங்கும் இல்லாததால் விலை ஏறியது. 2019 ஆகஸ்ட் 3-ஆம் தேதி புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. எங்களிடம் அன்றைக்கு விற்க ஒரு மூட்டை இல்லை. ஆனாலும் அந்த எண் மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. அடுத்த மாதமே கடன் வாங்கி இன்னொரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து நட்டேன். மலையில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை. நட்டது எல்லாம் இரண்டு மூன்று வருடத்தில் ஒன்றாகக் காய்த்தது. 2022-இல் விலை ஆயிரத்துக்குக் கீழே. குத்தகையை விட்டேன், வட்டி மட்டும் என்னை விடவில்லை.

அப்புறம்தான் கோபானைப் பார்க்கும் பழக்கம் வந்தது. 2024-இல் அங்கே வறட்சி, கூடவே பேன் தொல்லை. அவர்கள் மகசூல் விழுந்ததும் வெளிநாட்டுக்காரர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள், வருடக் கடைசியில் இங்கே சராசரி 3,000 ரூபாயை ஒட்டி வந்தது. தினமும் சாயங்காலம் வெயில் என்று போன் காட்டக் காட்ட எனக்குச் சிரிப்பு வந்ததை மறைக்கப் போவதில்லை. கோபானில் என்னை மாதிரி ஒருத்தன் 2019-இல் இடுக்கி மழையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். அவனும் சிரித்திருப்பான்.

அந்தப் பணத்தில் குத்தகைக்கு வாங்கிய கடனை முடித்த கையோடு அப்பாவிடம் பழைய ரிப்போர்ட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு ஏக்கருக்கு மட்டும் மருந்தைக் குறைப்போம், தட்டையைக் கழித்துச் சுத்தமாக வைப்போம் என்று ஒத்துக்கொண்டார். பறித்த காயைத் தனியாகக் காய வைத்து, தனி லாட்டாக ஏலத்துக்கு வைத்தோம்.

ஏலத்தில் மாதிரிக் காயைத் தட்டில் கொட்டுவார்கள். வாங்குகிறவர் நிறம் பார்ப்பார், பருமன் பார்ப்பார், லிட்டர் வெயிட் (ஒரு லிட்டர் அளவுக் காயின் எடை) கேட்பார், ஒன்றை உடைத்து வாயில் போடுவார். எதிரே கம்ப்யூட்டரில் விலையைத் தட்டுவார். மருந்து குறைத்த காய் என்று சொல்ல அந்தத் தட்டில் இடமே இல்லை. அங்கங்கே கொஞ்சம் சொறி இருந்தது, அது மட்டும் நன்றாகத் தெரிந்தது. மற்ற ஏக்கர் காயைவிடக் கிலோவுக்கு 110 ரூபாய் குறைந்து போனது.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அப்பா ஒன்றும் பேசவில்லை. கை கழுவிவிட்டு வந்து என் போனைக் காட்டி, "என்னடா, அங்க மழையா?" என்றார்.

தூறல் என்று காட்டியது. சொன்னேன். மறுநாள் காலை ஜீப்பில் கேனும் ஏறியது, ஒரு ஏக்கருக்கு மட்டும்.