எட்டு மைல் சாலைக்கு வடக்கே ஒரு வீடு

டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்து சேரும் தமிழ்க் குடும்பத்துக்குக் கிடைக்கும் இலவச ஆலோசனைகளை எழுதினால் ஒரு நோட்டு நிரம்பிவிடும். இட்லி அரிசி எங்கே மலிவு, பனிக்காலத்துக்கு எந்த டயர், எந்தப் பல் டாக்டர் நம்ம ஆள் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வீடு வாங்கப் போகிறோம் என்று வாய் திறந்தால் மட்டும் எல்லோரும் ஒரே குரல்தான். "எட்டு மைலுக்குத் தெற்கே மட்டும் போயிடாதீங்க தம்பி. ட்ராய் பாருங்க, நோவை பாருங்க, ஃபார்மிங்டன் ஹில்ஸ் பாருங்க. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்தான் முக்கியம்." (வீடு எந்தப் பள்ளி மாவட்டத்தில் இருக்கிறதோ, பொதுவாக அங்குள்ள அரசுப் பள்ளியில்தான் பிள்ளைக்கு இடம்.) இதைச் சொன்ன அண்ணன் ரொம்ப காலமாக இங்கே இருப்பவர், நல்ல மனிதர், எங்களுக்கு முதல் குளிர்காலத்தில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. நீங்கள் தெற்கே கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டேன். நகருக்குள் நடக்கும் கார் கண்காட்சியான ஆட்டோ ஷோ பார்க்கப் போனதுதான் என்றார்.

எட்டு மைல் சாலை டெட்ராய்ட் நகரத்தின் வடக்கு எல்லை. பார்த்தால் ஒன்றுமில்லை, நடுவே புல்திட்டு வைத்த அகலமான சாலை, ஓரத்தில் டயர் கடைகள், பெட்ரோல் பங்குகள். ஆனால் கார் இன்சூரன்ஸுக்கு ஆன்லைனில் விலை கேட்கும்போது முகவரியை மட்டும் சாலைக்கு அந்தப் பக்கம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதே கார், அதே ஓட்டுநர், தொகை எகிறும். 1950-இல் பதினெட்டரை லட்சம் பேர் இருந்த நகரம் அது. 2020 கணக்கெடுப்பில் 6,39,111 பேர்தான். அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் கறுப்பர்கள். சாலைக்கு வடக்கே காட்சி வேறு. இது ஏன் இப்படி என்று நம்மவர்களிடம் கேட்டால், "அவங்க ஏரியா அப்படித்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

நாங்கள் வாங்கியது ஓக்லாண்ட் கவுண்டியில், எட்டு மைலுக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில், 1940-களின் கடைசியில் கட்டிய சின்னச் செங்கல் வீடு. ட்ராயில் புது வீடு வாங்கக் காசு பத்தவில்லை என்பதுதான் காரணம், கொள்கை எதுவும் இல்லை.

நம் ஊரில் வில்லங்கம் பார்ப்பது போல இங்கேயும் பார்க்கிறார்கள். அதற்கென்று டைட்டில் கம்பெனி உண்டு. பின்பக்கம் எவ்வளவு உயரத்துக்கு வேலி போடலாம் என்று தெரிந்துகொள்ள, மனைப்பிரிவின் பழைய கட்டுப்பாட்டுப் பத்திரத்தை நகல் எடுத்தேன். டைப்ரைட்டரில் அடித்த பக்கங்கள். வீடு தெருவிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும், குறைந்தது எவ்வளவு செலவில் கட்ட வேண்டும், கோழி, பன்றி வளர்க்கக் கூடாது. அடுத்த பத்தி: வெள்ளை இனத்தார் தவிர வேறு எந்த இனத்தாரும் இந்த மனையையோ வீட்டையோ பயன்படுத்தவோ குடியிருக்கவோ கூடாது, வீட்டுக்காரரோடு தங்கி வேலை செய்யும் பணியாளர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அதற்கும் அடுத்த பத்தி சாக்கடைக் குழாய் பற்றியது.

சமையலறை மேஜையில் வைத்து அதை மறுபடியும் படித்தேன். என் மனைவி, "அப்போ நாம இங்க சமையல்காரங்களா இருந்திருக்கலாம்" என்றாள். சென்னையில் வாடகைக்கு வீடு தேடியபோது ஹவுஸ் ஓனர்கள் "நீங்க என்ன ஆளுங்க" என்பதைச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். இங்கே சுற்றி வளைக்காமல் பத்திரத்தில் எழுதி, அரசு அலுவலகத்தில் பதிவும் செய்திருந்தார்கள்.

இந்தப் பத்தி இன்று செல்லாது. 1948-இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய கட்டுப்பாடுகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று சொன்னது. அந்தத் தீர்ப்பில் சேர்த்து விசாரிக்கப்பட்ட வழக்குகளில் ஒன்று டெட்ராய்ட்டின் சீபால்ட் தெருவில் வீடு வாங்கிய மெக்கீ என்ற கறுப்பினத் தம்பதியுடையது. 1968-இல் வீட்டுவசதிச் சட்டம் இப்படிப் பாகுபாடு காட்டுவதையே சட்டவிரோதமாக்கியது. ஆனால் பத்திரத்தில் எழுத்து அப்படியே கிடக்கிறது. 2022-இல் மிச்சிகன் மாநிலம் இயற்றிய சட்டப்படி, வீட்டுக்காரரே ஒரு படிவம் கொடுத்து இது ஒழிந்தது என்று பதிவு செய்துகொள்ளலாம். படிவம் எங்கள் வீட்டில் மின்சார பில்களோடு கிடக்கிறது. செல்லாத ஒன்றை ஒழிக்க என்ன அவசரம் என்பது என் கட்சி. வீட்டில் அதை ஏற்கவில்லை.

பத்திரத்தை மனை போட்டவரின் வக்கிரம் என்று தள்ளிவிடலாமா என்றால் அதுவும் முடியாது. அரசாங்கமே அப்படி எழுதச் சொன்னது. 1930-களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களைப் பகுதி பகுதியாகத் தரம் பிரித்து வரைபடம் போட்டது. பச்சை நல்லது, சிவப்பு ஆபத்து. கறுப்பர்கள் குடியிருந்தால் அநேகமாக சிவப்புதான். 1934-இல் வந்த மத்திய வீட்டுவசதி நிர்வாகம், வங்கிகள் கொடுக்கும் வீட்டுக் கடனுக்குத் தானே காப்புறுதி தந்தது. அதுவரை பாதி விலையை முன்பணமாகக் கட்டி, மீதியை ஐந்தாறு வருடங்களில் அடைக்க வேண்டியிருந்தது. அது போய், கொஞ்சம் முன்பணம் கட்டினால் போதும், இருபது முப்பது வருடத் தவணை என்று ஆனது. அமெரிக்க நடுத்தர வர்க்கம் என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் கடனில் முளைத்தது. கடன் யாருக்கு என்பதை அந்த நிர்வாகத்தின் கையேடு தீர்மானித்தது. இனம் கலக்காத பகுதிகளுக்கு முன்னுரிமை, கலக்காமல் இருக்கப் பத்திரத்தில் கட்டுப்பாடு போடுங்கள் என்ற பரிந்துரை. என் வீட்டுப் பத்திரத்தின் பத்தி அங்கிருந்து வந்தது.

இது எந்த அளவுக்குப் போனது என்பதைப் பார்க்க எட்டு மைலைக் கடந்து கொஞ்சம் தெற்கே போக வேண்டும். பர்வுட் தெருவின் வீட்டுப் பின்புறங்களில் ஆறடி உயரத்தில் ஒரு கான்கிரீட் சுவர், சுமார் அரை மைல் நீளம் ஓடுகிறது. 1941-இல் கட்டியது. பக்கத்தில் கறுப்பர்கள் குடியிருப்பு இருந்ததால் வெள்ளையர்களுக்கு வீடு கட்ட வந்தவருக்கு அரசுக் காப்புறுதி மறுக்கப்பட்டது. நடுவே சுவரை எழுப்பியதும் கிடைத்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனேன். பூங்காவை ஒட்டிய பகுதியில் சுவரோவியம் தீட்டியிருக்கிறார்கள், குமிழி ஊதும் குழந்தைகள், பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் ஏறும் பேருந்து. மற்ற இடங்களில் வெறும் சாம்பல் நிறம், புல்வெட்டும் இயந்திரம் சாத்தி வைக்கும் சாதாரணக் கொல்லைச் சுவர். நான் மதுரைப் பக்கத்துக்காரன். உத்தப்புரம் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதியை 2008-இல் இடித்ததைச் செய்தியில் பார்த்தவனுக்கு இங்கே வழிகாட்டி யாரும் தேவைப்படவில்லை. இன்று இந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் கறுப்பர்கள்தான் இருக்கிறார்கள். வெள்ளையர்கள் எப்போதோ வடக்கே போய்விட்டார்கள்.

எப்படிப் போனார்கள் என்பதை எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். கார் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். பனி பெய்தால் எங்கள் நடைபாதையையும் சேர்த்தே தள்ளிவிடுவார். அவர் அப்பா இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பி, படைவீரர்களுக்கான கடனில் முன்பணமே இல்லாமல் நகருக்குள் வீடு வாங்கியவர். இவர் சிறுவனாக இருந்தபோது ஒரு மாலை வீட்டுத் தரகர் வந்து மணி அடித்தாராம். அடுத்த தெருவில் ஒரு கறுப்பர் வீடு வாங்கிவிட்டார், இப்போது விற்றால் இந்த விலை, அடுத்த மாதம் இதுவும் கிடைக்காது என்றாராம். கோடைக்குள் தெருவே காலி. கிடைத்த விலைக்கு இவர்கள் விற்றார்கள், தரகர் அதே வீட்டை நிறையக் கூட்டி ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு விற்றார். "எங்கள் பயத்தில் அவர் இரண்டு பக்கமும் சம்பாதித்தார்" என்றார் பெரியவர். அப்பாவைப் பற்றி அவர் கோபமாகப் பேசவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை.

கதையின் மறுபக்கம் எங்கள் அலுவலகத்தில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தது. என்னோடு வேலை பார்க்கும் ஒரு கறுப்பின அம்மாவின் தாத்தா அலபாமாவிலிருந்து வந்து ஒரு கார் தொழிற்சாலையின் வார்ப்படச் சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். சூடும் புகையுமான அந்த வேலைகள்தான் கறுப்பர்களுக்கு ஒதுக்கியவை. ஹேஸ்டிங்ஸ் தெருவை ஒட்டிய பிளாக் பாட்டம் பகுதியில் குடியிருந்தார். கடைகள், கிளப்புகள், தேவாலயங்கள் என்று கறுப்பர்கள் தாங்களாகவே கட்டி வளர்த்த இடம். 1950-களில் நகரப் புதுப்பிப்பு என்று சொல்லி அதை இடித்தார்கள். ஹேஸ்டிங்ஸ் தெரு மேல் கிரைஸ்லர் நெடுஞ்சாலை வந்தது. ஆட்டோ ஷோவுக்குப் போகும் நம்மவர்கள் ஐ-375-இல் வண்டியை விடும்போது அந்தக் கடைகள் இருந்த இடத்தின் மேல்தான் போகிறார்கள். தாத்தாவும் போருக்குப் போய் வந்தவர்தான். ஆனால் அவர் வசிக்க முடிந்த தெருக்களுக்கு எந்த வங்கியும் கடன் தரவில்லை. கடைசியில் 12-ஆம் தெருப் பக்கம் லேண்ட் கான்ட்ராக்டில் ஒரு வீடு எடுத்தார். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் விற்றவர் பேரிலேயே இருக்கும். தவணை தவறினால் வீடும் போச்சு, கட்டிய பணமும் போச்சு.

அமெரிக்கா செழித்த காலம் என்று போருக்குப் பிந்தைய இருபது வருடங்களைச் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் 1959-இல் அரசுக் கணக்குப்படியே நாட்டில் 22 சதவீதம் பேர் வறுமையில் இருந்தார்கள், கறுப்பர்களில் பாதிக்கும் மேல். டெட்ராய்ட் மட்டும் 1947-க்கும் 1963-க்கும் இடையில் 1,34,000 தொழிற்சாலை வேலைகளை இழந்தது. ஹட்சன், பேக்கார்ட் போன்ற கம்பெனிகள் மூடின. மற்றவை புதுத் தொழிற்சாலைகளை எட்டு மைலுக்கு அப்பால் கட்டின. வேலை இடம் மாறிப் போய்ச் சேர்ந்த ஊரில் கறுப்பர் வீடு வாங்க முடியாது. வீடு இருந்த ஊரில் வேலை இல்லை.

1967 ஜூலை 23 விடியற்காலையில் 12-ஆம் தெருவில் உரிமம் இல்லாத ஒரு மதுக்கூடத்தில் போலீஸ் புகுந்தது. வியட்நாமிலிருந்து திரும்பியவர்களுக்கு உள்ளே விருந்து நடந்துகொண்டிருந்தது. எல்லோரையும் மொத்தமாக வண்டியில் ஏற்றும்போது கூட்டம் சேர்ந்தது, பாட்டில் பறந்தது. ஐந்து நாள் நகரம் எரிந்தது. ராணுவம் இறங்கியது. 43 பேர் செத்தார்கள், 7,000-க்கும் மேற்பட்டோர் கைது. என்னோடு வேலை பார்க்கும் அந்த அம்மாவின் தாத்தா பேஸ்மெண்டில் குழந்தைகளைப் படுக்க வைத்துவிட்டுத் தோட்டக் குழாயால் கூரையை நனைத்துக்கொண்டே இருந்தாராம். அதிபர் ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையம் மறு வருடம் அறிக்கை கொடுத்தது. சதிகாரர் யாரும் இல்லை, வெள்ளை இனவாதமும் அது உருவாக்கிய வீடும் வேலையும் போலீசும்தான் காரணம் என்றது. ஜான்சன் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டார்.

நம்மவர்கள் இந்தக் கதையைக் கேட்டால் பெரும்பாலும் "பாவம்தான், ஆனா நமக்கும் இதுக்கும் என்ன" என்பார்கள். 1946-க்குப் பிறகும் இந்தியாவிலிருந்து வருடத்துக்கு 100 பேர் என்பதுதான் குடியேற்ற ஒதுக்கீடு. சிவில் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, வாக்குரிமைச் சட்டம் வந்த அதே 1965-இல், நாட்டைப் பார்த்து ஒதுக்குவதை ஒழித்த குடியேற்றச் சட்டமும் வந்தது. பிறந்த இனத்தை வைத்து ஆளை ஒதுக்குவது வெட்கக்கேடு என்று தெருவில் இறங்கியவர்கள் பேச வைத்த பிறகுதான் அந்தக் கதவும் திறந்தது. சட்டத்தை முன்னெடுத்த இருவரில் ஒருவர் மிச்சிகன் செனட்டர் பிலிப் ஹார்ட். டெட்ராய்ட் ஆற்றங்கரையில் நாம் ஊரிலிருந்து வந்த பெற்றோரை நிறுத்திப் படம் எடுக்கும் ஹார்ட் பிளாசா அவர் பெயரில் இருப்பது. என் விசா திறமைக்குக் கிடைத்தது என்று எனக்கும் சொல்லிக்கொள்ளப் பிடிக்கும். 100 பேரில் ஒருவனாக வருகிற அளவுக்குத் திறமைசாலி நான் இல்லை.

சரி, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். டெட்ராய்ட் பள்ளிகளில் இனம் பிரிந்து கிடப்பதைச் சரிசெய்ய, சுற்றியுள்ள 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் நகரத்தோடு சேர்த்து மாணவர்களைக் கலக்க வேண்டும் என்று ஒரு மத்திய நீதிபதி உத்தரவிட்டார். 1974-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைத் தள்ளிவிட்டது. புறநகர் தப்பு செய்ததாக நிரூபிக்காமல் புறநகரை இழுக்கக் கூடாதாம். பத்திரத்தில் செல்லாமல் போன எல்லை, பள்ளி வரைபடத்தில் செல்லுபடியாகத் தங்கிவிட்டது. அண்ணன் எனக்குச் சொன்ன ஆலோசனை அந்தத் தீர்ப்பின் பேரப்பிள்ளை. அவருக்கு அது தெரியாது என்பதும் உண்மை. என் மகளும் அந்த நல்ல பள்ளியில்தான் படிக்கிறாள்.

போன வருடம் எங்கள் ஊரில் காலியாகக் கிடந்த ஒரு மனையில் மூன்று மாடி வாடகைக் குடியிருப்பு கட்ட ஒரு திட்டம் வந்தது. அதில் கொஞ்சம் வீடுகள் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு. ஊர் மன்றக் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம் மைக். போக்குவரத்து நெரிசல், சாக்கடை தாங்காது, பள்ளியில் கூட்டம், வீட்டு விலை விழும் என்றார்கள். இனம் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மைக் முன் நின்றவர்களில் நம்மவர்கள் மூன்று பேர், ஒருவர் பேச வேண்டியதை அட்டவணையாகவே அச்செடுத்து வந்திருந்தார். நான் என் பத்திரத்தின் அந்தப் பத்தியைப் படித்துக் காட்டினேன். தலைவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். வெளியே வாகன நிறுத்துமிடத்தில் அட்டவணை அண்ணன் என் தோளில் கை போட்டு, "நல்லா பேசினீங்க தம்பி. ஆனா நாளைக்கு வீட்டை விக்கறப்போ தெரியும்" என்றார்.

திட்டம் தோற்றது. கட்டுமானக் கம்பெனி இப்போது திருத்திய வரைபடத்தோடு வந்திருக்கிறது. அதே உயரம், அதே எண்ணிக்கை வீடுகள், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வீடுகளை மட்டும் எடுத்துவிட்டார்கள். அதற்கான கூட்டத்தில் மைக் முன் யாரும் போய் நிற்கவில்லை.