அக்கா மகளுக்கு ஓர் அலுங்குத் தலைக்கவசம்

அக்கா மகள் ஒன்பதாவது படிக்கிறாள். இரண்டு வருடமாக ஒரு நோட்டில் காமிக்ஸ் வரைகிறாள், அதில் வரும் சூப்பர் ஹீரோவின் பெயர் அலுங்கு. பகலில் பள்ளிக்கூடம் போகிற பெண், இரவில் தலை முதல் முதுகு வரை செதில், அடிக்க வந்தால் பந்து போலச் சுருண்டுகொள்வாள், அடிப்பவன் கைதான் வலிக்கும். அலுங்கு என்பது எறும்புதின்னி. பாலூட்டிகளில் உடம்பு முழுக்கச் செதில் உள்ள ஒரே வகை, அந்தச் செதில் நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனது. அந்தச் செதிலுக்காகவே அதைக் கொன்று கடத்துகிறார்கள் என்று எங்கோ படித்துவிட்டு அழுதாளாம், அதற்கப்புறம்தான் நோட்டில் அலுங்கு வந்தது.

2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சென்னையின் முதல் காமிக் கான் (காமிக்ஸ் ரசிகர்கள் வேஷம் போட்டு வரும் விழா) நடந்தபோது அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். விதவிதமான வேஷங்கள், பெரும்பாலும் ஃபோமில் செய்தவை, பார்க்க அற்புதமாக இருந்தன. திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்தபடி, "மாமா, அடுத்த தடவை நான் அலுங்காப் போறேன், நீங்க தலைக்குச் செஞ்சு தருவீங்களா, தோல்ல?" என்று கேட்டாள். நான் வார இறுதிகளில் பர்ஸ், பெல்ட் எல்லாம் தைப்பவன் என்று அவளுக்குத் தெரியும். சரி என்றேன். ஆனால் ஒரு நிபந்தனை என் மனதுக்குள்ளேயே போட்டுக்கொண்டேன்: போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிற பொருளாக அது இருக்கக் கூடாது. சென்னை வெயிலில் போய் இறங்கி, கூட்டத்தில் நடந்து, படியேறி, சாப்பிட்டு, நாள் முழுக்கத் தலையிலேயே இருக்கிற மாதிரி வேண்டும். அதற்காகத்தான் இதில் எடுத்த முக்கால்வாசி முடிவுகளும்.

முதலில் தோல். சென்னையில் தோல் கடைகள் இருக்கும் பெரியமேட்டில் போய்த் தோல் என்று கேட்டால் முதலில் எடுத்துப் போடுவது குரோம் தோலைத்தான், ஏனென்றால் ஷூவுக்கும் பைக்கும் அதுதான் அதிகம் ஓடுகிறது. குரோமியம் உப்பில் பதனிட்ட அந்தத் தோல் மென்மையாக இருக்கும், தண்ணீருக்கு அசையாது, அதனாலேயே இந்த வேலைக்கு ஆகாது. நமக்கு வேண்டியது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது, கடையில் வெஜ் டான் என்றால் புரியும். நனைத்தால் களிமண் போல வளையும், காய்ந்தால் வளைத்த வடிவத்திலேயே நிற்கும். தமிழ்நாட்டில் இதற்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. ஈ.ஐ. (கிழக்கிந்திய) தோல் என்று புவிசார் குறியீடு வாங்கியதும் இப்படிப் பட்டையில் பதனிட்டதுதான், முன்பு ஆவாரம்பட்டை, பிறகு வாட்டில் பட்டை, கூடவே கடுக்காய். பழந்தமிழில் தோல் என்ற சொல்லுக்கே கேடயம் என்று ஒரு பொருள் உண்டு, அதை இவளிடம் சொன்னபோது உடனே நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள்.

ஒரு கடையில் வெஜ் டான்தான் என்று சொல்லிக் கொடுத்ததை நம்பி வாங்கி வந்து ஏமாந்தேன். இரவெல்லாம் ஊறவைத்து, அச்சில் கட்டி, இரண்டு நாள் காயவிட்டு அவிழ்த்தால் சுருட்டிய துணி போலத் தொங்கியது. ஓரத்தை வெட்டிப் பார்த்தேன், நடுவில் நீலம் கலந்த சாம்பல் கோடு. அதை வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும். இப்போது எங்கே வாங்கினாலும் மூன்று சோதனை செய்கிறேன்: வெட்டிய ஓரம் உள்வரை ஒரே பழுப்பா, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்சிக் கறுக்கிறதா, அந்த ஈரத்தில் நகத்தால் கீறினால் தடம் நிற்கிறதா. மூன்றும் சரி என்றால் மட்டும் காசு. தலைக்கவசத்தின் உடம்புக்கு 2.5 மி.மீ. எருமைத் தோல், முகமூடிக்கு 2 மி.மீ., செதிலுக்கு 1.5 மி.மீ. வாங்கினேன்.

அளவு எடுப்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அவள் தலைச் சுற்றளவு 54 செ.மீ. அதே அளவில் வெட்டினால் போட முடியாது, உள்ளே 6 மி.மீ. மெத்தை வைக்கப் போகிறோம். சுற்றளவில் அது எவ்வளவு கூட்டும் என்பதற்குத் தடிமனை 6.28ஆல் பெருக்க வேண்டும், அதாவது கிட்டத்தட்ட 38 மி.மீ. ஆக உட்சுற்று 58 செ.மீ.க்கு வர வேண்டும். அவள் தலையில் முடியைக் கொண்டையாக இல்லாமல் படிய வாரச் சொல்லி (அன்றைக்கும் அப்படித்தான் வாரப் போகிறாள்), சமையலறையில் உணவைச் சுற்றும் பிளாஸ்டிக் தாளை நெற்றிக்கு மேல் மட்டும் சுற்றி, அதன் மேல் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டி, பேனாவால் தையல் கோடுகள் வரைந்து, கழற்றி வெட்டிப் பிரித்தேன். மூக்கு, வாய்ப் பக்கம் அந்தத் தாளைக் கொண்டுபோகவே கூடாது, முகத்துக்கு அளவுகோலும் காகித அட்டையும் போதும்.

அச்சுக்கு, விக் கடையில் வைக்கும் தெர்மாகோல் தலை. அது சிறியது, அதனால் செய்தித்தாள் துண்டுகளை ஃபெவிகால் தண்ணீரில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டி, அளவு வரும் வரை ஏற்றி, மேலே பிளாஸ்டிக் சுற்றினேன். ஒரே தோல் துண்டை முழுத் தலைக்கும் இழுத்துப் படியவைக்க முயன்றால் ஓரத்தில் சுருக்கம் விழும், தலை அவ்வளவு ஆழம். ஆகவே மூன்று துண்டு: நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரு நடுப்பட்டை, இரண்டு பக்கங்கள். ஒவ்வொன்றையும் வெதுவெதுப்பான தண்ணீரில் குமிழி நிற்கும் வரை ஊறவைத்து, எடுத்து ஈரத்துண்டில் சுற்றி வைத்து, மேல் நிறம் கொஞ்சம் வெளுக்க ஆரம்பிக்கும்போது அச்சில் போட வேண்டும். சொட்டச் சொட்டப் போட்டால் படியாது. கட்டைவிரலாலும் மரக்கரண்டியின் முதுகாலும் மெதுவாகத் தேய்த்துத் தேய்த்து இறக்க, தோல் நாம் சொல்வதைக் கேட்க ஆரம்பிக்கும் அந்தப் பத்து நிமிஷம் இருக்கிறதே, இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். காய வைப்பது நிழலில், மின்விசிறிக் காற்றில், ஒரு முழு நாள். வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

அச்சோடு பிடித்து வைக்கச் சாதாரணக் குண்டூசி குத்தியிருந்தேன். மறுநாள் ஊசி எடுத்த இடமெல்லாம் மை கொட்டியது போல நீலக் கறுப்புப் புள்ளி. கழுவினாலும் போகவில்லை. அப்புறம்தான் உறைத்தது, பட்டையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பாகிவிடும். கலம்காரிக்காரர்கள் கடுக்காய் ஊறிய துணியில், துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் போட்டு எடுத்த சாறால் எழுதுவதும் இதே வித்தைதான். கெட்டுப்போனதே என்று அரை நாள் வருத்தமாக இருந்தேன், பிறகு உடம்பு முழுவதையும் அப்படியே கறுப்பாக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். பக்கத்து லேத் பட்டறையில் ஒரு கை இரும்புத் தூள் வாங்கி வெள்ளை வினிகரில் ஒரு வாரம் போட்டு வைத்தேன் (மூடியை இறுக்கக் கூடாது, வாயு வரும், பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நாரும் வேலைக்கு ஆகாது, துருப்பிடிக்கிற இரும்புதான் வேண்டும்). வடிகட்டிப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் கண்முன்னே பழுப்பு சாம்பலாகி, சாம்பல் கரியாகிறது. மேலே பூசும் சாயம் போலக் கீறினால் வெளுக்காது, தோலுக்குள்ளேயே நடக்கும் மாற்றம். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் மிகக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். எண்ணெய் அதிகமானால் தோல் தளர்ந்துபோகும்.

செதில்கள் 168. எண்ணி வெட்டினோம், அவளும் நானும் நான்கு ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொன்றையும் ஏறக்குறைய 80 டிகிரி சூட்டுத் தண்ணீரில் அரை நிமிஷம் முக்கி எடுத்தால் சுருங்கித் தடித்து, காய்ந்தபின் மரச்சில் போலக் கெட்டியாகும். அதற்கு மேல் விட்டால் நெளிந்து நொறுங்கும் பொருளாகிவிடும், முதல் ஐந்து செதில் எனக்கு அப்படிப் போயின. 5 செ.மீ. நீளத்தில் வெட்டியது 4.4 செ.மீ. ஆனது, அதற்கேற்பப் பெரிதாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டுத் தோலும் வேறு மாதிரி சுருங்கும் என்பதால் துண்டு ஒன்றில் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள். சூடாக இருக்கும்போதே ஒரு தேக்கரண்டியின் குழியில் வைத்து அழுத்தினால் அலுங்குச் செதிலின் அந்த லேசான வளைவு வந்துவிடுகிறது.

மூன்று துண்டுகளை இணைக்கத் தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் போனேன். எனக்கு இரண்டு ஊசித் தையல் தெரியும், ஆனால் வளைந்த பரப்பில் அது கோணிக்கொண்டு போனது. அவர் கொக்கி வைத்த ஒற்றைக் குத்தூசியால் கீழிருந்து நூலை இழுத்து, அதன் வளையத்துக்குள் மறு நுனியைக் கோத்து இறுக்கிக் காட்டினார். "தம்பி, நூலை இழுத்துட்டுத் தோலைப் பாக்காதீங்க, தோலைப் பாத்துக்கிட்டே நூலை இழுங்க" என்றார். மெழுகு ஏற்றிய நூல், 5 மி.மீ.க்கு ஒரு துளை. காசு வாங்க மாட்டேன் என்றவரிடம் அவள் வரைந்த அலுங்குப் படம் ஒன்றைக் கொடுத்தாள், அவர் குடைக்கம்பியில் இன்னும் தொங்குகிறது.

செதில் பதிப்பது ஓடு வேய்வது போல. செதில் நுனி பின்பக்கம் பார்க்க வேண்டும், ஆகவே பிடரியில் தொடங்கி நெற்றியில் முடிக்கிறோம், ஒவ்வொரு வரிசையின் தையலையும் அடுத்த வரிசை மூடும். சொல்யூஷன் (செருப்புக்குப் போடும் பசை) தடவி நிறுத்தி, மேல் ஓரத்தில் இரண்டு துளை வழியாகத் தைத்தேன், அதுதான் எடை குறைய வழி, ரிவிட் அடித்திருந்தால் அதுவே கனத்திருக்கும். காற்றுக்கான வழி இங்கேதான் கிடைத்தது. உடம்பில் 5 மி.மீ. அகலத்தில் 24 துளைகள் போட்டுவிட்டு அதன் மேல் செதிலைப் பதித்தால், வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே காற்று போகும். பழுப்புச் செதில்களுக்கு நடுவே கறுப்பு உடம்பு நிழல் போலத் தெரிவதும் குண்டூசிப் புள்ளிகள் தந்ததுதான்.

முகமூடியில் பெரிய சிக்கல் அவள் கண்ணாடி. கண்ணாடி இல்லாமல் அவளால் நான்கடிக்கு அப்பால் பார்க்க முடியாது. கழற்றச் சொல்லி ஒரு முகமூடி செய்வது சரியில்லை, அவள் ஹீரோவும் கண்ணாடி போட்டவள்தான். அவளுடைய பழைய கண்ணாடி ஃபிரேமை அச்சின் முகத்தில் ஒட்டி, அதன் மேல் 8 மி.மீ. களிமண் ஏற்றி, அந்த மேட்டின் மீது நனைந்த தோலைப் படியவைத்தேன். காய்ந்ததும் உள்ளே கண்ணாடிக்கென்று ஓர் அறை. கண் துளையின் கீழ் ஓரத்தை வேண்டுமென்றே இறக்கி வெட்டினேன், படியிறங்கும்போது கால் தெரிய வேண்டுமே. மூக்குக்குக் கீழே மறைக்கவில்லை, மூச்சு வெளியே போய்விடும், கண்ணாடியில் புகை படியாது. முகமூடி தலைக்கவசத்தோடு இரண்டு டிச் பட்டனில் சேர்கிறது, சாப்பிடும்போது ஒரு கையால் கழற்றிவிடலாம். தாடைப்பட்டைக்கும் பட்டன்தான், எங்காவது மாட்டி இழுத்தால் கழுத்தை நெரிக்காமல் தானே பிய்ந்துகொள்ள வேண்டும். உள்ளே ஃபோம் மெத்தை, அதன் மேல் வெளுத்த காடாத் துணி, கழற்றித் துவைக்கும்படி. வியர்வைக்கும் அந்தக் கறுப்புக்கும் நடுவில் துணி இருப்பது அவசியம்.

மொத்த எடை 800 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இதை வண்டியில் போட்டுக்கொண்டு போகக் கூடாது, தலையைக் காப்பாற்றுகிற ஹெல்மெட் வேறு, இது வேஷம். அவளிடமும் அக்காவிடமும் இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

போன மாதம் வீட்டிலேயே ஒரு நாள் முழுக்கப் போட்டுப் பார்த்தாள். காலை பத்து மணிக்கு மாட்டி, மொட்டைமாடிக்கு ஏறி இறங்கி, தெருவில் நடந்து, அக்கா வைத்த சாம்பார் சாதம் சாப்பிட்டு, நாலரை மணிக்குக் கழற்றினாள். இடது காதுக்கு மேல் ஓரிடத்தில் மட்டும் சிவந்திருந்தது. அங்கே தோலின் உள் ஓரத்தைச் சீவி மெல்லிதாக்கி, தேன்மெழுகு போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். மறுநாள் மூன்று மணி நேரம், சிவப்பு இல்லை.

இப்போது அக்கா வீட்டில் அலமாரி மேல் அதே தெர்மாகோல் தலையில் இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் போட்டு வைக்காதே, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், காற்று படட்டும் என்று சொல்லியிருக்கிறேன். தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் நெற்றிச் செதில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போகிறாளாம், அக்கா சொன்னாள். அந்த ஒரு செதில் மட்டும் மற்றதைவிட ஒரு நிழல் கறுத்துப் பளபளக்கிறது.