ஜன்னலைச் சாத்தச் சொன்ன பையன்

கால் சென்டரில் மற்றவர்கள் பேசிய போன் ரெக்கார்டிங்கைக் கேட்டு மார்க் போடுவது என் வேலை. ஒரு பையன் பேசிய காலுக்கு நான் பூஜ்யம் போட்டது சரிதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பாதி படிக்கும்போதே நீங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வீர்கள். எங்கள் குவாலிட்டி ஷீட்டில் மருத்துவ ஆலோசனை சொன்னால் ஃபேட்டல். மற்றதிலெல்லாம் முழு மார்க் வாங்கியிருந்தாலும் ஒரு ஃபேட்டல் விழுந்தால் மொத்தமும் பூஜ்யம், அந்த மாத இன்சென்டிவும் போச்சு. யூகே பிராசஸில், அதாவது பிரிட்டன் கஸ்டமர்களின் கால் எடுக்கும் பிரிவில், இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2023 செப்டம்பர். ஜூலை முழுக்க அங்கே மழை. கோடை முடிந்தது என்று எல்லாரும் நினைத்தபோது வெயில் வந்து உட்கார்ந்துகொண்டது. தொடர்ந்து ஏழு நாள் நாட்டில் எங்காவது ஓரிடத்தில் 30 டிகிரியைத் தாண்டியது. செப்டம்பரில் அதுவரை அப்படி நடந்ததே இல்லை. பத்தாம் தேதி கென்ட்டில் ஃபேவர்ஷாம் என்ற ஊரில் 33.5. எங்கள் ஃப்ளோரில் ஒரே சிரிப்பு. "முப்பத்திமூணுக்கா இந்தப் பாடு?" 2003 மே 31-ல் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பார்த்த ஊர்க்காரர்கள் அல்லவா. நானும் சிரித்தேன், ஏசி குளிருக்கு துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

கால் என்னவோ சாதாரணமானதுதான். ஃப்ரீசர் நின்றுபோய் உள்ளே இருந்ததெல்லாம் கெட்டுவிட்டது, வீட்டு இன்சூரன்ஸில் கிளெய்ம் உண்டா என்று கேட்டு ஒரு வயதான அம்மா. பையன் ஒழுங்காக விவரம் வாங்கினான். சிஸ்டம் மெதுவாக லோட் ஆகிற நேரத்தில் அந்த அம்மா சொந்தக் கதைக்கு வந்தார். ராத்திரி தூக்கமே இல்லை, தலை சுற்றுகிறது, பிரஷர் மாத்திரையோடு நீர் போகிற மாத்திரையும் சாப்பிடுகிறேன், எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தும் வீடு அடுப்பாக இருக்கிறது என்றார். இந்த இடத்தில் ஸ்கிரிப்ட் தெளிவானது. உடம்பு சரியில்லை என்றால் அங்கே மருத்துவ உதவி கேட்கும் எண்ணான 111-க்குப் போன் செய்யச் சொல்ல வேண்டும், அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது.

அவன் சொன்னது வேறு. பகலில் ஜன்னலைச் சாத்துங்கள், வெயில் படுகிற பக்கம் திரையை இழுத்து விடுங்கள், வெளியே குளிர்ந்த பிறகு ராத்திரியில் திறங்கள் என்றான். ஈரத் துணியைக் கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னான். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றான். அந்த அம்மா சிரித்து, எந்த ஊர் உனக்கு என்று கேட்டார். சென்னை என்றான். உண்மையில் அவன் வேலூர்.

"தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்ற இடத்தில்தான் நான் ரெக்கார்டிங்கை நிறுத்தினேன். என் அப்பாவுக்கும் அந்த நீர் போகிற மாத்திரை உண்டு. இதயம் பலவீனமானதால் தண்ணீரையே அளந்துதான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவுக்கும் அப்படி இருந்திருந்தால்? ஃபேட்டல் போட இந்த ஒரு காரணம் போதும். சர்வேயில் அவர் பத்துக்குப் பத்து கொடுத்திருந்தார், அதையும் பார்த்தேன். கஸ்டமருக்குப் பிடிப்பது வேறு, சொன்னது ஆபத்தில்லாமல் இருப்பது வேறு.

ஃபீட்பேக்குக்குக் கூப்பிட்டேன். சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன்.

"111-ன்னு சொல்லியிருந்தா போதும்பா."

"உடம்பு சரியில்லன்னு அவங்க சொல்லலையேக்கா. வீடு சூடா இருக்குன்னுதானே சொன்னாங்க."

"தலை சுத்துதுன்னாங்க."

"ஆமா." கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நீங்க எடுத்திருந்தா என்னக்கா சொல்லியிருப்பீங்க?"

"ஸ்கிரிப்ட்ல இருக்கறத."

"ஸ்கிரிப்ட்டே இல்லேன்னா?"

அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று சொல்லி முடித்துவிட்டேன். நிஜமாகவே காத்திருந்தார்.

ராத்திரி கேபில் வரும்போது அந்தக் கேள்விக்குப் பதில் தானாக வந்தது. நான் திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவள். ஜன்னலை நன்றாகத் திறந்து வையுங்கள், காற்று வரட்டும் என்றுதான் சொல்லியிருப்பேன். எங்களுக்கு வெயில் என்றால் கடல்காற்றுக்காகக் காத்திருப்பது. மத்தியானம் அது உள்ளே நுழைந்துவிட்டால் தப்பித்தோம், தாமதமானால் அன்றைக்குத்தான் கொளுத்தும். இந்தப் புழுக்கத்தில் ஜன்னலைச் சாத்தினால் மூச்சு முட்டும். வேலூரில் கடலும் இல்லை, இந்தப் புழுக்கமும் இல்லை. அங்கே காலை பத்து மணிக்கே கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு திறப்பார்கள். அவன் பாட்டி வீட்டு வழக்கத்தை அப்படியே இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறான்.

அது அங்கே பொருந்துகிறது என்பதுதான் விஷயம். பிறகு எடுத்துப் பார்த்தேன். பிரிட்டிஷ் அரசின் சுகாதாரத் துறையே அதைத்தான் சொல்கிறது. உள்ளே இருப்பதைவிட வெளியே சூடு அதிகமென்றால் ஜன்னலைச் சாத்து, வெயில் விழும் அறையில் திரையை மூடு, மின்விசிறி 35 டிகிரிக்குக் கீழே என்றால் மட்டும். குளிருக்காகக் கட்டிய வீடுகள், பெரும்பாலானவற்றில் ஏசியும் இல்லை, சீலிங் ஃபேனும் இல்லை. பகலில் செங்கல் வாங்கிய சூடு ராத்திரி முழுக்க உள்ளேயே நிற்கும். உடம்பு வெயிலுக்குப் பழகவும் ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். பழகிய உடம்பில் வியர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பும் குறைவு. மழையில் நனைந்த கோடையிலிருந்து நேராக 32, 33-க்கு வந்தவர்களுக்கு அந்த அவகாசம் ஏது? வயதானால் தாக உணர்வே மங்கிவிடும் என்பதும் சேர்ந்தால், தாகத்துக்குக் காத்திருக்காதே என்று அவன் சொன்னதிலும் அர்த்தம் இருக்கிறது. சென்னையிலும் செப்டம்பர் பகல் சூடு ஏறக்குறைய அதே அளவுதான். அதை வைத்துத்தான் சிரித்தோம்.

அப்படியென்றால் ஸ்கிரிப்ட் எதற்கு? என் மாதிரி ஆட்களுக்காக. 45 டிகிரி பார்த்தவள் என்ற தைரியத்தில் நான் ஜன்னலைத் திறக்கச் சொல்லியிருப்பேன், அந்த அம்மாவும் நம்பியிருப்பார். பின்னால் எத்தனை பேர் எந்த ஊர் அனுபவத்தைச் சொல்வார்கள் என்று கம்பெனிக்கு எப்படித் தெரியும்? இப்படி யோசித்தால் மனம் சமாதானமாகிறது. ஆனால் அந்த அம்மாவுக்கு அன்றைக்குக் கிடைத்தது நான் இல்லை, வேலூர்க்காரன். 111-ஐச் சொல்லிவிட்டு ஜன்னலையும் சாத்தச் சொல்லியிருக்கலாம் என்று சிலர் கேட்பார்கள். அதற்கும் ஷீட்டில் பூஜ்யம்தான்.

போட்ட மார்க் சரியா என்று சேர்ந்து பார்க்கும் கேலிப்ரேஷன் மீட்டிங்கில் கிளையன்ட் தரப்பும் என் மார்க்கை ஒப்புக்கொண்டார்கள். ஃபேட்டல் சரி, அடுத்த கால். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மார்க்கை எதிர்த்து டிஸ்ப்யூட் போடலாம், உனக்கு இரண்டு நாள் இருக்கிறது என்று அவனிடம் சொல்லியிருந்தேன். "வேணாம்க்கா, பரவால்ல" என்றான். சில மாதம் கழித்து வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். போட்டிருந்தால் நிராகரித்துத்தான் இருப்பேன், அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நிராகரிக்க வேண்டுமென்றால் காரணம் என்ற கட்டத்தில் நானே என் வார்த்தையில் இரண்டு வரி எழுதியாக வேண்டும். அந்த வேலையை அவன் எனக்கு வைக்கவில்லை.