ஏப்ரல் 1-க்கு அப்புறம்

மகள் ஐஐடிக்காக ஜேஇஇ அட்வான்ஸ்டுக்கு விண்ணப்பிக்கிறாள். கணக்கும் இயற்பியலும் அவள் பாடு, சான்றிதழ் என் பாடு.

எம்பிசி சாதிச் சான்றிதழ்தான் பீரோவில் இருக்கிறதே என்று மெத்தனமாக இருந்துவிட்டேன். அது இங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி-என்சிஎல், அதாவது வசதி வரம்பைத் தாண்டாத பிற்படுத்தப்பட்டோர் என்ற சான்றிதழ் வேண்டும். அதுவும் இந்த வருடம் ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பின் தேதியிட்டதாக. போன வருடமே வாங்கி வைத்த புத்திசாலிகளும் மறுபடி அலைய வேண்டியதுதான்! எனக்கு முதல் தடவை இனிஷியல் தகராறு, இரண்டாம் தடவை சர்வர் படுத்துவிட்டது.

முதல் கட்டமான ஜேஇஇ மெயின் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். அட்வான்ஸ்டில் ஆங்கிலமும் இந்தியும் மட்டும்தான். மெயினில் முதல் இரண்டரை லட்சம் பேருக்குள் வந்தவர்களிடம் என்ன மொழிக் கஞ்சத்தனமோ, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஒரே நாளில் இரண்டு தாள், தலா மூன்று மணி நேரம்.

நேற்று சான்றிதழ் வந்துவிட்டது. பிரிண்ட் எடுத்ததும் பெயரைக்கூடப் பார்க்கவில்லை, தேதியைத்தான் தேடினேன். ஏப்ரல் 28. பெருமையாக அவளிடம் நீட்டினேன்.

“சரிப்பா, அதை அந்தப் பக்கம் வை. காபி சிந்திடும்.”