இருபது குடம் தண்ணீரும் ஒரு பாய்மரப் படகும்

தெப்பத் திருவிழாவுக்கு வந்திருந்த சின்ன அத்தை உட்கார்ந்ததும் கேட்டார்: "ஏத்தா, நடுக்கடல்ல ராத்திரி பயமா இருக்காதா?" வருஷத்தில் மூன்று மாதம் நானும் என் வீட்டுக்காரரும் கிரீஸ் நாட்டுக் கடலில் ஒரு பாய்மரப் படகில் இருப்போம். ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்கள். அங்கே எனக்குப் பெரிய கவலை குடிதண்ணீர்தான் என்றேன். அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை. சுற்றிலும் தண்ணீர்தானே என்றார்.

எங்கள் படகு 11 மீட்டர் நீளம், ஒற்றைப் பாய்மரம், கைமாறி வந்த பழைய படகு. அதன் தொட்டி 300 லிட்டர் பிடிக்கும். தெப்பக்குளத்துப் பக்கம் குழாயடி வரிசையில் வளர்ந்தவளுக்கு லிட்டர் கணக்கு மனதில் நிற்காது. எனக்கு அது 20 குடம். ஆளுக்கு நாளைக்கு ஒரு குடம் என்று வைத்தால் பத்து நாள். ஜூலையில் கிரீஸின் ஏஜியன் கடல் தீவுகளில் மழை எதிர்பார்க்கவே முடியாது. சின்னத் தீவுகள் பலவற்றுக்கு வெகுகாலம் கப்பலில்தான் தண்ணீர் வந்தது, நமக்கு லாரியில் வருகிற மாதிரி. அந்தத் தீவுகளில் குழாயைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கும்.

அதனால் படகில் எல்லாமே நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இரண்டாகப் பிரிந்துவிடும். சிங்க் அடியில் காலால் மிதிக்கிற பம்பு ஒன்று இருக்கிறது, மிதித்தால் கடல் தண்ணீர் வரும். பாத்திரத்தை அதில் தேய்த்துவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு டம்ளர் நல்ல தண்ணீர். உருளைக்கிழங்கை வேகவைக்கப் பாதிக்குப் பாதி கடல் தண்ணீர் ஊற்றினால் போதும், உப்பு தனியாக வேண்டாம். துறைமுகத்துக்குள் மட்டும் இதைச் செய்யமாட்டேன், அங்கே தண்ணீர் சுத்தமாக இருக்காது. அரிசி களைந்த தண்ணீர் தட்டு கழுவப் போகும். அம்மா அதைச் செடிக்கு ஊற்றுவார்.

குக்கர் இல்லாமல் நான் படகில் ஏறமாட்டேன். அடுப்பு இரண்டு பக்கமும் அச்சில் தொங்குவதால் படகு சாய்ந்தாலும் அது நிமிர்ந்தே நிற்கும். ஆனாலும் பெரிய அலை ஒன்று குலுக்கினால் திறந்த பாத்திரத்துக் குழம்பு தரையில்தான். மூடி பூட்டிய குக்கருக்கு அந்தக் கவலை இல்லை. தண்ணீரும் மிச்சம், கேஸும் மிச்சம். கீழமாசி வீதியில் வாங்கிப் போகும் புளி மூன்று மாதத்துக்கு வரும்.

மூன்று மாதம் என்பது விசா கணக்கு. நம் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே விசாவில் போகிற கிரீஸ் மாதிரி ஐரோப்பிய நாடுகளில், எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாள்தான். மே மாதம் போய் ஜூலைக் கடைசியில் படகைக் கரையேற்றிவிட்டு வந்துவிடுவோம். அது நிற்கிற யார்டு, கிரீஸின் மேற்குக் கரையில் ப்ரெவேசாவுக்கு எதிரே ஆக்டியத்தில். கி.மு. 31-ல் ஆண்டனியையும் கிளியோபாத்ராவையும் ஆக்டேவியன் கடற்போரில் தோற்கடித்த இடம். ஆக்டேவியன்தான் பின்னால் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் ஆனார். பாண்டியன் என்ற இந்திய அரசன் அகஸ்டஸுக்குப் பரிசுகள் அனுப்பியதாக அந்தக் காலத்துக் கிரேக்க எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். அதைப் படித்த நாளிலிருந்து அந்த யார்டு எனக்கு அந்நிய இடமாகத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். ஏறினால் ஆறு மாதம், எட்டு மாதம். முப்பது வருஷம் அப்படித்தான் போனது. எல்லோரும் அவர்தான் எனக்குக் கடலைச் சொல்லிக்கொடுத்தார் என்று நினைக்கிறார்கள். எஞ்சின் ரூமில் இருந்தவருக்குக் காற்று எங்கே தெரியும்? பாய் விரிப்பதை இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே ஆளிடம்தான் கற்றுக்கொண்டோம். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அங்கே கோடையில் மெல்டெமி என்று ஒரு காற்று அடிக்கும். வடக்கிலிருந்து வருவதால் வாடைதான், ஆனால் நம் மார்கழி வாடை இல்லை. ஜூலை, ஆகஸ்டில், ஒரு பொட்டு மேகம் இல்லாத வானத்தில் நாள்கணக்காக வீசும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அதுவேதான், மாதம்கூட அதே மாதம்.

போன ஜூலையில் பாரோஸ் தீவின் நௌசா விரிகுடாவுக்குள் இருட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். பகலாக இருந்தால் தண்ணீருக்குள் வெளுப்பாகத் தெரிகிற இடம் மணல், கறுப்பாகத் தெரிகிற இடம் கடற்புல். மணலில்தான் நங்கூரம் கடிக்கும். அன்றைக்கு எல்லாமே கறுப்பாகத்தான் தெரிந்தது. 6 மீட்டர் ஆழம், 30 மீட்டர் சங்கிலி விட்டோம். நின்றுவிட்டது என்று நம்பிப் படுத்தோம்.

ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் அலாரம், படகு இடம் நகர்ந்தால் அடிக்கிறது. படகு பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. நான் எஞ்சினைப் போட்டுச் சுக்கானைப் பிடித்தேன், அவர் டார்ச்சோடு முன்னால் ஓடினார். காற்றில் அவர் குரல் எனக்கு எட்டாது. கை மட்டும் தெரியும். கை முன்னால் காட்டினால் மெதுவாக முன்னே, முஷ்டி மடக்கினால் நிறுத்து. நங்கூரம் மேலே வந்தபோது அதில் ஒரு வைக்கோல் கட்டு அளவுக்குப் புல் சுற்றியிருந்தது. அவர் குப்புறப் படுத்து அதைக் கத்தியால் அறுத்துத் தள்ளினார். நான் பின்னால் இருந்த ஒரு படகின் விளக்கையே பார்த்துக்கொண்டு எங்கள் படகைக் காற்றுக்கு நேரே நிறுத்தி வைத்திருந்தேன். மூன்றாவது தடவைதான் நங்கூரம் பிடித்தது. மணி நாலு.

அப்புறம் கடுங்காப்பி போட்டேன். அவர் கை முழுக்கச் சேறு. அன்றைக்கு மட்டும் கணக்குப் பார்க்காமல் ஒரு முழுச் செம்பு நல்ல தண்ணீரை அந்தக் கையில் ஊற்றினேன். "போதும், போதும்" என்றார். நான் நிறுத்தவில்லை.

இதையெல்லாம் சொல்லிமுடித்தபோது அத்தை ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் தெப்பம் சுற்றுவதைப் பார்க்கப் போனோம். என் வீட்டுக்காரர் வடம் இழுக்கிறவர்களுக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார். மறுநாள் கிளம்பும்போது அத்தை பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் செம்பை எடுத்து நீட்டினார். "இதுல அளந்து ஊத்து, வீணாகாது."

முக்கால் லிட்டர் பிடிக்கிறது. அன்றைக்கு ராத்திரியே அளந்து பார்த்துவிட்டேன்.